பழைய பிக்கப்பும் டீசல் கணக்கும்

தேனி மாவட்டம் கம்பத்தில் நாங்கள் புதுப்பித்து ஓட்டிவரும் பழைய மகிந்திரா டீசல் பிக்கப்பின் மைலேஜைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். பளபளக்கும் பெயின்ட் ஒரு சொட்டு டீசலையும் மிச்சப்படுத்தாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 80-ஐத் தொடும்போது, பெட்டி போன்ற அதன் முகப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு எதிர்ப்பைச் சந்திக்கிறது. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களை டீசல் பம்ப் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சோதிப்பதும், டயர்க் காற்றைச் சரியாக வைப்பதும் எல்லோரும் அறிந்தவையே. ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களின் டிரம் அருகே கையை வைத்துப் பார்த்து, ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று நம் பக்கத்து ஓட்டுநர்கள் சிலர் சாதிப்பார்கள். உண்மையில், கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் ஐடில் வேகத்திற்கு (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும் வண்டியில் அது சுற்றும் வேகத்திற்கு) மேல் சுற்றிக்கொண்டிருக்கும் வரை, டீசல் பம்பில் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை அநேகமாக முழுவதும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ ஐடிலுக்கான டீசல் எரிந்துகொண்டே இருப்பதோடு, பிரேக்கும் சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

மைலேஜ் பார்ப்பவர்கள், டேங்கை ஒவ்வொரு முறையும் வாய்வரை நிரப்பி, தேனிச் சமவெளி ஓட்டத்தையும் குமுளி ஏற்றத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.