கரு தங்கும் முன்பே போட வேண்டிய ஊசி

நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணியில் திருமணம் என்றிருந்த நிலையில், நானும் அவரும் சேர்ந்தே மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சென்றோம். "கல்யாணத்துக்கு முன்னாடியே பிரசவ டாக்டர்கிட்ட போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று அம்மா தயங்கினார். முதல் ஆண்டிலேயே குழந்தை வேண்டும் என்று இருவரும் விரும்பியதால், அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனோம்.

சர்க்கரை, தைராய்டு, பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவுக்கு இருவருக்குமான சோதனை எல்லாம் சிக்கலின்றி வந்தன. ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ருபெல்லாவுக்கான சோதனையில் எனக்கு 'நெகட்டிவ்' என்றிருந்தது. நோய் இல்லை என்று நிம்மதியடைந்தேன். எதிர்ப்பாற்றல் இல்லை என்பதே அதன் பொருள் என்று மருத்துவர் விளக்கினார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி போட்டார்கள். தம்பி பள்ளியில் போட்டுக்கொண்டு வந்தான். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இந்த நோய் தாயைத் தொற்றினால், தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், ஆனால் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படக்கூடும் என்று அவர் சொன்னபோது, என் கை தானாக வருங்காலக் கணவரின் கையைத் தேடியது.

இதற்கான தடுப்பூசி வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிக்கவும் கூடாது. ஜவுளி, பத்திரிகை என்ற அலைச்சலில் நான் சில வாரங்களை வீணாக்கிவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். செவிலியர் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சின்னக் குப்பியில் இருந்த வெண்பொடியில் நீரைச் செலுத்திக் கரைத்து, மேற்கையில் தோலுக்கு அடியில் ஊசியைப் போட்டார். நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணை போட்டபோது, திருமணத்துக்குப் பத்து நாளே இருந்தது.

ஆகவே திருமணத்துக்குப் பிறகும் மூன்று வாரம் போலத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. "ஏதாவது விசேஷமா?" என்று கேட்ட அத்தையிடம் காரணத்தைச் சொன்னவர் என் கணவரே. குழந்தையின் தண்டுவடமாக வளரும் நரம்புக்குழாய், பல பெண்களுக்குக் கருவுற்றதே தெரியாத முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்வதால், ஃபோலிக் அமில மாத்திரையை அந்த இடைவெளியிலேயே தொடங்கியிருந்தேன்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியில் இருவருக்கும் மூன்றாம் தவணை தையில் இருக்கிறது. அதில் உயிருள்ள கிருமி இல்லை. அதற்குள் கரு தங்கினாலும் போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் அட்டையிலேயே எழுதித் தந்திருக்கிறார்.