நாலடி எட்டு அங்குலம்

"கறுப்பா இருக்கான்னுதானம்மா வேணாங்குறாங்க?"

அந்த அம்மா இதைக் கேட்டபோது பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். நான் யோசிக்கவே இல்லை. "ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. உயரந்தான். தங்கச்சியா நடிக்கிற பொண்ணு ரொம்பக் குட்டி, இவன் பக்கத்துல நின்னா பொருந்தாது" என்றேன். அவனிடமும் குனிந்து, "நீ நல்லாப் பண்ணுனடா தம்பி. உயரந்தான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். தலையை ஆட்டினான். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா, அஞ்சு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது" என்று பையைத் தூக்கிக்கொண்டாள்.

மூன்று வருடம் ஆகிறது. அந்த ஒரு நொடியைத்தான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு பாபநாசம் பக்கம் சொந்த ஊர். அதனாலேயே கும்பகோணத்தில் சினிமா ஆடிஷன் என்றதும் யூனிட்டில் என்னைத்தான் அனுப்பினார்கள். கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள், ஹீரோவின் சின்ன வயசுக்கு ஒரு பையன். சனி ஞாயிறு சேர்த்து இருநூறு பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு தாத்தா, பேரனிடம் யானையடிப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எம்.ஜி.ஆர். படித்த பள்ளிக்கூடம், இந்த ஊரிலிருந்துதான் அவர் சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார் என்று. எங்கள் பக்கத்தில் பிள்ளை நடிக்கப் போவதென்றால் பெரியவர்கள் இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பையன் பந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தான். புரட்டாசி, சம்பா நடவு நேரம். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் எல்லாருக்கும் கொடுத்த சந்தர்ப்பம் ஒன்றுதான்: பள்ளி விட்டு வீட்டுக்கு வருகிறாய், உன் சைக்கிளை அப்பா விற்றுவிட்டார். வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அழுதார்கள், கத்தினார்கள். ஒருவன் தரையில் புரண்டான். அவர்கள் மேல் தப்பில்லை, நடிப்பென்றால் அழுவது என்று வீட்டில் பழக்கிக் கூட்டி வந்திருப்பார்கள். இவன் உள்ளே வந்தான், பையைக் கழற்றினான், சுவரைப் பார்த்தான். சைக்கிள் சாத்தியிருக்கும் இடம் அது என்று நாங்களே நம்பிவிட்டோம். பிறகு யாரும் இல்லாத அடுப்படிப் பக்கம் திரும்பி, "அப்பா சைக்கிள எடுத்துக்கிட்டா போயிருக்காங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான். விற்றது அவனுக்கு இன்னும் தெரியாது. தெரியப்போகிற எங்களுக்குத்தான் தொண்டை அடைத்தது.

மானிட்டர் பக்கத்தில் யாரும் பேசவில்லை. டைரக்டர்தான் முதலில், "பிரமாதமாப் பண்றான்" என்றார். அப்புறம், "ஆனா ஹீரோவோட சின்ன வயசுன்னா யாரு நம்புவா? இன்னும் கொஞ்சம் கலரா வேணும்" என்றார். அவரைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமில்லை. இந்தத் தொழிலில் முதலில் ஹீரோ முடிவாகிறார், பிறகுதான் அவர் முகத்துக்குப் பிள்ளையைத் தேடுகிறோம். பார்க்கிறவர்கள் ஒரு நொடி சந்தேகப்பட்டாலும் அந்த இடத்தில் படம் விழுந்துவிடும் என்ற பயம் எல்லா டைரக்டருக்கும் உண்டு.

ஆனால் அந்த ஹீரோவுக்கு எங்கள் படத்தில் டல் மேக்கப். வயலில் நிற்கிற ஆளாகக் காட்ட நிறத்தைக் குறைத்து ஒரு லுக் டெஸ்ட்டே எடுத்து முடித்திருந்தோம். அந்த ஸ்டில் என் ஃபோனில் இருந்தது. அதைப் பையன் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் அப்பனும் பிள்ளையும் மாதிரி இருந்திருப்பார்கள். கையில் ஃபோன் இருந்தும் நான் அதைக் காட்டவில்லை. இந்த யூனிட்டில் சேர்ந்து எட்டாவது மாதம், அசோசியேட் டைரக்டர்களே பேசாத இடத்தில் நான் எப்படிப் பேசுவது என்று அன்று தோன்றியது. இப்போது எழுதும்போது அது காரணமாகப் படவில்லை.

"உயரம்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதாக ஆகிவிடும். உயரம் உண்மையிலேயே எங்களுக்குக் கவலைதான். ஒரு படப்பிடிப்பு ஷெட்யூலுக்கும் அடுத்த ஷெட்யூலுக்கும் நடுவே பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், பால்பல் விழுந்துவிடுகிறது, காட்சிக்குக் காட்சி ஒரே மாதிரி இருக்க வேண்டிய கன்டினியூட்டி போய்விடுகிறது. மண்டபத் தூண் ஒன்றில் பென்சிலால் கோடு போட்டு எல்லாரையும் அளந்தேன். தங்கையாக வரும் பெண் 4 அடி 1 அங்குலம். இவன் 4 அடி 8. கடைசியில் தேர்வான பையன், என் நோட்டில் இப்போதும் இருக்கிறது, 4 அடி 7.

ஓர் அங்குலம்.

முதல் படத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டேன். எல்லாரிடமும் "கூப்பிடுறோம்" என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம், நானும் அதையே சொன்னேன். திருவாரூர்ப் பக்கத்து அப்பா ஒருவர் ஆறு மாதம் வரைக்கும் எனக்கு ஃபோன் செய்தார். "பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் ஃபோன் வந்துச்சான்னுதான் கேக்குது" என்பார். படமே வெளியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் முடிவு எடுத்தேன்: இல்லை என்றால் அன்றைக்கே, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது, காரணத்தோடு சொல்வது. காரணம் தெரிந்தால் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும் என்று நம்பினேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கிளம்பிய நான்தான் அன்றைக்குப் பொய்யைச் சொன்னேன்.

முழுப் பொய்யா? இங்கேதான் எனக்குக் குழம்புகிறது. பத்து வயசுப் பிள்ளையிடம் "ஆமா, உன் நிறந்தான்" என்று சொல்லியிருக்க வேண்டுமா? அம்மாவின் கேள்வியில் அவன் நிமிர்ந்து என் வாயைத்தான் பார்த்தான். அந்த முகத்துக்கு முன்னால் வேறு எதையும் என்னால் சொல்லியிருக்க முடியாது. எங்கள் வீட்டிலும் நான்தான் கறுப்பு, அக்காவைப் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொண்டுபோக என்னை விடமாட்டார்கள். அந்த வார்த்தை ஒரு பிள்ளைக்குள் எவ்வளவு காலம் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உயரத்தைக் கொடுத்தேன். உயரம் நல்லதுதானே, வளர்வதில் என்ன அவமானம் என்று நினைத்தேன்.

பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷம் கட்டிய பிள்ளைகளுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் வேஷம் போய்விடும். உடம்பு மாறியதால் வேஷம் போயிற்று என்று வாத்தியாருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும், கூட இருக்கிறவர்களுக்கும் தெரியும். வலித்திருக்கும்தான். ஆனால் காரணம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் மூன்று காரணம். அவனுக்கு உயரம், எனக்கு டைரக்டர் சொன்னது. அந்த அம்மாவுக்கு என்னவென்று அவள் பார்த்த பார்வையிலேயே இருந்தது.

அடுத்த வருடம் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். அம்மாதான் அடையாளம் கண்டு கூப்பிட்டாள். பையன் நன்றாக வளர்ந்திருந்தான், ஆனால் தோளை உள்ளே இழுத்து, முதுகை வளைத்து நின்றான். "அன்னைக்கு வந்து போனதுலேர்ந்து இப்புடித்தாம்மா நிக்கிறான். நிமிர்ந்து நில்லுடான்னா காதுலயே வாங்க மாட்டேங்குறான்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். குற்றம் சொல்கிற தொனி இல்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை, கடையில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வயதில் திடீரென்று வளரும் பையன்கள் நிறையப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். என் தம்பியும் அப்படித்தான் நின்றான், அவனை யாரும் ஆடிஷனுக்குக் கூட்டிப் போகவில்லை. எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொள்வதும் ஒருவகையில் அகம்பாவம்தான் என்று தோழி ஒருத்தி சொன்னாள். இருக்கலாம். ஆனால் அந்த அம்மா "அன்னைக்கு வந்து போனதுலேர்ந்து" என்று சொன்னாளே. அவளுக்கு நாள் தப்பாது. ஒரு நாள் கூலி போன நாள் அது.

2017இல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி தேர்வான பையனுக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வாங்கினோம். நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக் கூடாது, சம்பளத்தில் 20 சதவீதமாவது அவன் பேரில் வங்கியில் போட வேண்டும், ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். அந்தக் காகிதங்களை எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன், ஒன்றுவிடாமல் ஒழுங்காகச் செய்தேன். அந்தப் பிள்ளைக்கு மதியத் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொண்டதில் எனக்குப் பெருமையும் உண்டு. திரும்பிப் போன இருநூறு பேருக்கு வாசலில் நின்று நான் சொன்ன ஒரு வரியைத் தவிர எங்கள் பக்கத்திலிருந்து எதுவும் இல்லை. அந்த வரியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நான் சொன்னதைப் பிறகு யாரும் விசாரிக்கவும் இல்லை.

யாரைக் காப்பாற்றினேன் என்பதுதான் என்னை விடாமல் கேட்கிற கேள்வி. பிள்ளையை என்று அன்று சத்தியமாக நம்பினேன். ஆனால் "உயரந்தான்" என்றதும் டைரக்டர் சொன்னது மண்டபத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. "ஆமாம்மா, அதுதான் காரணம். அப்படிக் கேட்டது எங்க தப்பு, இவன்கிட்ட ஒரு குறையும் இல்ல" என்று சொல்லியிருக்கலாமோ என்று பல ராத்திரி ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒத்திகையில்கூட இரண்டாவது பாதி அவன் காதில் விழுவதில்லை, "ஆமாம்மா" என்பதோடு நின்றுவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாப் படிப்பா" என்றேன். உன் உயரம் ஒரு காரணமே இல்லை என்று சொன்னால், அப்போ எது என்று கேட்பானே.

போன மாதம் மயிலாடுதுறையில் இன்னொரு படத்துக்காகப் பிள்ளைகளைப் பார்த்தோம். இப்போது நான் உடம்பைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ஏழு வயசுப் பெண் ஒருத்தி, ரொம்ப அழகாகச் செய்தாள், அவளுக்கும் இல்லை. கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "டைரக்டர் மாமா மனசுல வேற ஒரு முகம் இருக்கும்மா. அதுக்கும் நீ நடிச்சதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். பல முறை எழுதிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது.

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வேற முகம்னா எப்புடி இருக்கும் அக்கா?"