எனக்கு + ஒரு

அப்பா எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா. நான் அதே பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. வீட்டில் 'அப்பா', கேட்டைத் தாண்டினால் 'ஐயா'. ஒருநாள் மறந்துபோய் வகுப்பில் "அப்பா, தண்ணி குடிச்சிட்டு வரட்டா" என்று கேட்டுவிட்டேன். அதையே பையன்கள் காலாண்டுப் பரீட்சை வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள்.

2003. 'பாய்ஸ்' வந்த வருஷம். படம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. பாட்டு அதற்கு முன்னாலேயே வந்து, டீக்கடை, மினி பஸ், பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்தையும் பிடித்துவிட்டது. ஷங்கர் படம், ரகுமான் இசை. 'அலே அலே' பாடத் தெரியாதவன் எங்கள் பெஞ்சில் கிடையாது. சித்தார்த், பரத், நகுல், மணிகண்டன், தமன் என்று அஞ்சு பையன்கள்; ஆளுக்கொருவர் நாங்கள் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். எனக்குக் கிடைத்தது டிரம்ஸ் வாசிக்கும் குண்டுப் பையன் தமன். அப்போது ரொம்ப வருத்தம். அந்தத் தமன் பின்னாளில் தெலுங்கில் பெரிய இசையமைப்பாளராகி தேசிய விருதே வாங்கிவிட்டார். நான் பைல் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அது வேறு கதை.

படத்துக்கு ஊரெல்லாம் திட்டு. ஆபாசம், பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பத்திரிகைகள் கிழித்தன. எங்கள் ஸ்டாஃப் ரூமில் படம் பார்க்காமலேயே தீர்ப்பு எழுதப்பட்டது. அப்பாவுக்கு இருந்த ஒரே சங்கடம், வசனம் சுஜாதா. வீட்டில் பரண் நிறைய சுஜாதா வைத்திருக்கும் மனுஷன். "அவரா எழுதினாரு?" என்று சோற்றில் கல் கடித்த மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டார். இன்றைக்கு அதே அப்பா, எந்தக் கோயிலில் என்றைக்கு என்ன பிரசாதம் என்று செந்தில் விரல் நுனியில் வைத்திருப்பாரே, அந்த 'இன்ஃபர்மேஷன் இஸ் வெல்த்' துணுக்கை மாதம் 2 தடவை வாட்ஸப்பில் எனக்கே அனுப்புகிறார்.

தீபாவளிக் காசில் நான் வாங்கிய 'பாய்ஸ்' கேசட் மூன்றே நாள்தான் என் கையில் இருந்தது. நாலாம் நாள் கணக்கு நோட்டுக்கு அடியிலிருந்து அப்பா எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. பீரோ மேல்தட்டில், எல்.ஐ.சி. பத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். எங்கள் வீட்டில் அந்தத் தட்டுக்குள் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் திருச்சி வானொலியிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. 15 நிமிஷப் பேச்சு. தலைப்பு 'இளைஞர்க்கு வேண்டுவன'. கஞ்சி போட்ட வேட்டியில் பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒலிபரப்பாகும் நாளைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியாகிவிட்டது. ரேடியோவில் வருவதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது மட்டும் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவருக்கு உறைத்தது.

டேப் ரெக்கார்டர் எதிர்வீட்டில் கிடைத்தது. கேசட்? கடைத்தெருவுக்குப் போய்வர நேரமில்லை. அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பீரோவைத் திறந்தார்.

"அப்பா, அதுல பதிய முடியாதுப்பா" என்றேன். பொய்யில்லை. கடையில் விற்கிற பாட்டுக் கேசட்டின் முதுகில் இரண்டு ஓட்டை இருக்கும். அது இருந்தால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் அமுங்கிவிடும் என்ற ரகசியத்தை, தெரிந்த விஷயத்தை வாயில் வைத்துக்கொள்ள முடியாத என் தங்கை போட்டு உடைத்தாள். செல்லோடேப்பையும் அவளே கொண்டுவந்தாள்.

எங்கள் ரேடியோ தனி, டேப் ரெக்கார்டர் தனி. ரேடியோவுக்கு முன்னால் டேப்பை நிறுத்தி, காற்றில் வருகிற சத்தத்தை அதன் மைக் பிடிக்க வேண்டும். ஆகவே வீட்டில் 144. குக்கர் இறக்கப்பட்டது. ஃபேன் நின்றது. பாட்டிக்கு வாயில் கற்கண்டு கொடுத்து இருமல் அடக்கப்பட்டது. பட்டன் பொறுப்பு எனக்கு. ரகுமான் மேல் அப்பா ஏறுவதை என் விரலாலேயே செய்யவைத்தார்கள்.

ஏழெட்டு நிமிஷம் ஒழுங்காகப் போயிற்று. "இன்றைய இளைஞனின் இன்றியமையாத் தேவை எது?" என்று ரேடியோ அப்பா கேட்டு ஓர் இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் டெலிபோன் அடித்தது. மன்னார்குடி மாமா. "அத்தான் ரேடியோவுல பேசுறாரு, கேக்குறீங்களா?" என்று சொல்லத்தான்.

"சத்தம் விழுதுடா! நிறுத்து!" என்றார் நிஜ அப்பா. நிறுத்தினேன். அம்மா ஓடிப்போய் போனை வைத்தாள். "போடு, போடு!" பதற்றத்தில் முதலில் ஃபார்வர்டை அமுக்கிவிட்டேன். சர்ரென்று ஓடியது. உடனே விட்டுவிட்டுச் சரியான பட்டன்களை அமுக்கினேன். ஒரு நொடி சமாச்சாரம். யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் இலக்கிய மன்றம். எச்.எம். தலைமை. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற புலவர் ஒருவர். "நம் தமிழய்யாவின் வானொலி உரையை மாணவர்களும் கேட்டுப் பயன்பெற வேண்டும்" என்று எச்.எம். ஆசைப்பட்டதால், மேஜை மேல் டேப் ரெக்கார்டர், அதன் வாயில் மைக். வேப்பமரத்தடியில் 600 பையன்கள் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

ஸ்பீக்கரில் அப்பா கேட்டார்: "இன்றைய இளைஞனின் இன்றியமையாத் தேவை எது?"

டொக்.

"எனக்கொரு கேர்ள்பிரண்ட் வேணுமடா!"

கூடவே கிடார், டிரம்ஸ், இன்னும் என்னென்னவோ. ஒரு பத்துப் பதினைந்து வினாடிதான். மறுபடி டொக். அப்பாவின் கணீர்க் குரல்: "என்பதே வள்ளுவப் பெருந்தகையின் வாக்கு."

பழக்க தோஷத்தில் புலவர் தலையை ஆட்டிவிட்டார்.

அப்புறம் எழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விசில், கைதட்டல், "ஒன்ஸ் மோர்!" பி.டி. சார் பிரம்பைத் தேடினார். எச்.எம். முகத்தை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது மணலைத்தான், உள்ளே போக வழி இருக்கிறதா என்று.

அப்பா எழுந்தார். டேப்பை நிறுத்தினார். மைக்கைத் திருப்பிக்கொண்டார். வியர்வையைத் துடைக்கக்கூட இல்லை.

"எனக்கொரு. பிரிச்சுச் சொல்லு. டேய், விசிலடிச்சவனே, நீதான்."

விசிலடித்தவன் எழுந்தான். "எனக்கு... ஒரு, ஐயா."

"எனக்கு என்ன உகரம்?"

"கு... குற்றியலுகரம் ஐயா."

"என்ன குற்றியலுகரம்?"

அவன் விழித்தான். பின்னாலிருந்து யாரோ "வன்தொடர்" என்றான்.

"விதி?"

யாருக்கும் தெரியவில்லை. அப்பாவே சொன்னார், அதே கணீர்க் குரலில்: "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும். எனக்கு-வில் இருக்கிற உகரம் ஓடிப்போச்சு. மிச்சம் 'க்'. அது மேல 'ஒ' வந்து உட்கார்ந்தா 'கொ'. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே. நன்னூல். எழுதிக்கிட்டீங்களா? கேர்ள்பிரண்ட், திசைச்சொல்னு வெச்சுக்கலாம். வேணுமடா பேச்சு வழக்கு. வேண்டுமடான்னு எழுதலைன்னா மார்க் கிடையாது."

முதலில் கை தட்டியது புலவர்தான்.

அரையாண்டுத் தமிழ் இரண்டாம் தாளில் 'எனக்கொரு - பிரித்துப் புணர்ச்சி விதி தருக' வந்தது. கேள்வித்தாளைப் பார்த்ததும் ஹாலே மெல்லிய குரலில் பாடியது. எழுதாதவன் ஒருத்தன் இல்லை. நன்னூலில் எனக்கு இன்றுவரைக்கும் மனப்பாடமாக இருப்பது அந்த இரண்டு வரிதான்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இதெல்லாம் தெரியாதே. வீட்டுக்குப் போகாமல் குளத்துப் படியிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். போனபோது அப்பா திண்ணையில் டேப் ரெக்கார்டரோடு இருந்தார். முன்னால் சுற்றுவதும் பின்னால் சுற்றுவதுமாக அந்தப் பதினைந்து வினாடியைத் தேடிப் பிடித்துப் போட்டார். டொக். கேர்ள்பிரண்ட். டொக். வள்ளுவர். இன்னொரு தடவை.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா," என்றார் தலையைத் தூக்காமல், "மெட்டு நல்லாத்தானே இருக்கு. மீதிப் பாட்டு எங்க?"

"அது மேலதாம்ப்பா நீங்க பேசியிருக்கீங்க."