றம்பொடை ஏற்றமும் கியர் ஒயில் கூலரும்

எங்கள் கார் 1997ஆம் ஆண்டு கொரோலா 110, ஓட்டோ கியர். அப்பா வாங்கியது. அம்மாவைக் கண்டிக்கு கிளினிக் கூட்டிப்போய் வருவது இதில்தான். திரும்பும்போது கம்பளை தாண்டி புஸ்ஸல்லாவை வரை ஒரு ஏற்றம். றம்பொடையில் தொடங்கி லபுக்கலை வரை இன்னொன்று, அதுதான் கடுமை. கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், எங்கள் ஊர் நுவரெலியா 1868. அவ்வளவையும் இந்தக் கிழட்டுக் கியர்பொக்ஸ்தான் தூக்க வேண்டும்.

போன டிசம்பரில் றம்பொடை வளைவுகளில் மரக்கறி லொறி ஒன்றுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் இரைந்தது, வண்டி இழுக்கவில்லை. இரண்டு விநாடிதான். ஆனால் கருகிய வாடை வந்துவிட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டோம். அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கியர் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். நல்ல கியர் ஒயில் மாதுளைச் சாறு போலச் சிவந்து, பரவிக்கொண்டே போகும். இது நடுவில் கபில நிறப் பொட்டாக நின்றது, சுற்றி மட்டும் மெல்லிய வளையம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். இந்தக் கியர்பொக்ஸ் போனால் வேறு கார் வாங்க எங்களால் முடியாது. கூலர் ஒன்றைப் பூட்டி, அதாவது ஒயிலைக் காற்றில் ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டர் ஒன்றைப் பூட்டி, ஒயிலைக் குளிர்ச்சியாக வைப்பது என்று முடிவெடுத்தேன்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஓட்டோ காரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டோர்க் கொன்வர்ட்டர் இருக்கிறது. ஒரு பக்க விசிறி ஒயிலைத் தள்ள, அந்த ஒயில் மறு பக்க விசிறியைச் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது, எஞ்சின் கொடுக்கும் சக்தியில் ஒரு பகுதி ஒயிலில் சூடாக இறங்குகிறது. வேகமாகப் போகும்போது லொக்-அப் கிளச் பிடித்து இரண்டையும் பூட்டிவிடும். ஊர்ந்து ஏறும்போது அது பிடிக்காது. அதனால் மலை ஏறும் ஓட்டோ கார், சமவெளியில் ஓடும் காரை விட ஒயிலை வாட்டி எடுக்கிறது.

எவ்வளவு சூடு என்று தெரியாமல் கூலர் பூட்ட எனக்கு மனமில்லை. மல்டிமீட்டரோடு வந்த வெப்பநிலை வயரை, கியர்பொக்ஸிலிருந்து ஒயில் வெளியேறும் இரும்புக் குழாயில் ஒட்டி, மேலே ஸ்பொஞ்ச் சுற்றி, வயரை ஜன்னல் வழியாக உள்ளே எடுத்தேன். கம்பளையில் 86 பாகை. புஸ்ஸல்லாவையில் 99. றம்பொடை வளைவுகளில் 119. குழாயின் மேல்தோலில் அளப்பதால் உள்ளே இன்னும் இரண்டு மூன்று பாகை கூடத்தான் இருக்கும். 80, 90இல் ஓட வேண்டிய ஒயில் இது. சூடு ஏற ஏற ஒயில் வேகமாகக் கெட்டு, கிளச் தட்டுகளையும் கருக்கிவிடும்.

கூலரைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். தட்டுகள் அடுக்கிய வகை. குழாயை வளைத்து வளைத்துச் செய்த வகையை விட இடம் குறைவு, குளிர்ச்சி கூட. பம்பரைக் கழற்றி, ஏசி கொண்டென்ஸருக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளி விட்டு, அலுமினியப் பட்டைகளில் போல்ட் போட்டேன். கொண்டென்ஸரின் இதழ்களுக்குள்ளே பிளாஸ்டிக் டை செருகிக் கட்டுவது சுலபம். அதைச் செய்யவே கூடாது. அதிர்வில் அது மெல்ல மெல்ல இதழை அறுத்து, ஒரு நாள் குழாயையும் ஓட்டை போடும்.

கியர் ஒயில் ஏற்கனவே ஒரு குழாயால் ரேடியேட்டரின் அடித் தொட்டிக்குப் போய், இன்னொரு குழாயால் கியர்பொக்ஸுக்குத் திரும்புகிறது. எந்தக் குழாய் போகிறது, எது வருகிறது என்பதைத் தொட்டே கண்டுபிடிக்கலாம். எஞ்சினை ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் முதலில் சுடுவது கியர்பொக்ஸிலிருந்து வருவது. இருந்தாலும் ரேடியேட்டர் பக்கம் ஒரு முனையைக் கழற்றிப் போத்தலில் விட்டு, ஐந்து விநாடி ஸ்டார்ட் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

முதலில் ஒரு பிழை செய்தேன். தெரிந்த கராஜ் அண்ணன், “ரேடியேட்டர் பக்கமே விடாத தம்பி. பழைய ரேடியேட்டர் உள்ளே வெடிச்சா தண்ணியும் ஒயிலும் கலந்து கியர்பொக்ஸ் போயிரும்” என்றார். அவர் சொன்னது உண்மையான ஆபத்துதான். ரேடியேட்டரை விட்டுவிட்டு நேராகக் கூலருக்கு மட்டும் இணைத்தேன். அது ஜனவரி மாதம். எங்கள் ஊரில் விடியற்காலையில் புல் நுனியில் உறைபனி பிடிக்கும் காலம். இருபது நிமிடம் ஓடியும் மல்டிமீட்டர் 41 பாகையைத் தாண்டவில்லை. ஒயில் கெட்டியாகவே இருந்ததால் ஒவ்வொரு கியரும் முதுகில் தட்டியது போல விழுந்தது.

ரேடியேட்டரின் அடித் தொட்டி ஒயிலைக் குளிரவைப்பது மட்டுமல்ல, காலையில் எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கொடுத்து ஒயிலைச் சூடாக்குவதும் அதுதான். கண்டியில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. நுவரெலியாவில் தெரியும். என் ரேடியேட்டர் மாற்றி இரண்டு வருடம்தான் ஆகிறது. அதனால் அதை நம்பி வரிசையை மாற்றினேன்: கியர்பொக்ஸ், ரேடியேட்டர், கூலர், திரும்பக் கியர்பொக்ஸ்.

இரண்டாவது பிழை ஹோஸில். பெற்றோல் ஹோஸ் போடாமல், கியர் ஒயிலுக்கென்றே உள்ள ஹோஸைத் தேடிப் போட்டது சரி. ஆனால் இடம் போதாமல் இரும்புக் குழாயை வெட்டியபோது, நுனியில் இருந்த சின்ன வீக்கம் வெட்டுத் துண்டோடு போய்விட்டது. மோதிரம் போல ஒரு மில்லிமீட்டர் எழும்பி நிற்கும் அந்த வீக்கம்தான் ஹோஸை நழுவாமல் பிடிக்கிறது. மறுநாள் காலை கார் நின்ற இடத்தில் கைக்குட்டை அளவு சிவப்பு ஈரம். ஹோஸ் அரை அங்குலம் பின்வாங்கியிருந்தது. ஏற்றத்தில் அது கழன்றிருந்தால் சில நிமிடத்தில் ஒயில் முழுவதும் ரோட்டில்தான். குழாயைக் கழற்றி, நுனியில் மறுபடி வீக்கம் எடுத்து, முழு வட்டமாக இறுக்கும் கிளிப் போட்டேன். ஓட்டை ஓட்டையாக இருக்கும் சாதாரணக் கிளிப் ரப்பரைக் கடிக்கிறது, வேண்டாம்.

அப்புறம் ஒயில். அடியில் இறக்கி 3 லீட்டர் அளவு டெக்ஸ்ரன் 3 மாற்றினேன். கூலருக்கும் ஹோஸுக்கும் மேலதிகமாக 400 மில்லிலீட்டர் போனது. கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, எல்லாக் கியருக்கும் ஒருமுறை போட்டு எடுத்து, கியர் லீவரை P (பார்க்) நிலையில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே மட்டம் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் மட்டம் பிழையாகக் காட்டும்.

போன சனிக்கிழமை கிளினிக். மதியம் இரண்டரை மணிக்கு றம்பொடை, முன்னால் பஸ், அதே வளைவுகள். மீட்டர் 101இல் நின்றது. லபுக்கலையில் தேயிலைக்கு நடுவே ரோடு கொஞ்சம் நிமிர்ந்ததும் 93க்கு இறங்கியது. கியர் ஒருமுறையும் நழுவவில்லை. கூலருக்குள் போகும் குழாய்க்கும் வெளிவரும் குழாய்க்கும் வித்தியாசம் எவ்வளவு என்று இன்னும் அளக்கவில்லை, அதற்கு இரண்டாவது வயர் வேண்டும்.

ஹோஸ் முனைகளை ஒவ்வொரு ஞாயிறும் டிஷ்யூவால் துடைத்துப் பார்க்கிறேன். இதுவரை காய்ந்தே இருக்கிறது. ஒரு தடவையில் பாதி ஒயில்கூட மாறாது என்பதால், அடுத்த மாதம் இன்னும் 3 லீட்டர் இறக்கி மாற்றப் போகிறேன். டிஷ்யூவில் சொட்டு இப்போதைக்குப் பிளேன்டீ நிறத்துக்கு வந்திருக்கிறது.