வலிப்பு 30 விநாடி, மாதிரி 10 நிமிடம்

மின்வலிப்பு கொடுத்ததும் வெள்ளை எலியின் மூளையில் டோபமைன் என்ற நரம்புச் செய்திகடத்தி எத்தனை மடங்கு ஏறுகிறது? கேள்வி எளிதுதான். ஆனால் பதிலைப் பாதி தீர்மானிப்பது மாதிரி எடுக்கும் இடைவெளி.

காதுகளில் கிளிப் மாட்டி 50 முதல் 80 மில்லிஆம்பியர் வரை, அதிகபட்சம் ஒரு விநாடி செலுத்துவது வழக்கம். பின்னங்கால்கள் விறைத்து நீண்டால்தான் அது முழு வலிப்பு. கிளிப்பில் உப்புநீர் காய்ந்துவிட்டால் மின்தொடர்பு கெட்டு, வலிப்பு அரைகுறையாக நிற்கும். அந்த விலங்கின் அளவீட்டை மற்றவற்றோடு சேர்க்கக்கூடாது.

இனி கணக்கு. மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில் மைக்ரோடயாலிசிஸ் குழல் (மெல்லிய சவ்வு வழியே மூளைத் திரவத்திலுள்ள பொருள்களைச் சேகரிப்பது), நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் ஓட்டம், 10 நிமிட மாதிரி. வலிப்பு ஓடுவது ஏறக்குறைய 30 விநாடி, அதாவது மாதிரியில் இருபதில் ஒரு பங்கு. மாதிரியில் டோபமைன் இரட்டிப்பாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் அந்த 30 விநாடியோடு முடிந்திருந்தால், அப்போது அளவு 21 மடங்காக இருந்திருக்கும். 10 நிமிடமும் நீடித்திருந்தால் வெறும் 2 மடங்கு. இரண்டும் வெவ்வேறு உயிரியல், எண் மட்டும் ஒன்றே.

மாதிரியைக் குப்பிக்குக் கொண்டுபோகும் வெளிக்குழாயையும் மறந்துவிடுகிறார்கள். 0.12 மி.மீ. உள்விட்டம், 50 செ.மீ. நீளம் என்றால் சுமார் 6 மைக்ரோலிட்டர் அதிலேயே தங்கும், ஆக 3 நிமிடத் தாமதம். இதைக் கழிக்காவிட்டால் ஏற்றம் இரண்டு குப்பிகளாகச் சிதறி, உச்சம் மழுங்கிவிடும். விலங்கை மேசைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே சாயநீர் விட்டு இதை அளந்துவிடுங்கள். ஓர் உயிரின் ஒரே வாய்ப்பு இப்படி வீணாகக்கூடாது.

குழல் பதித்த காயத்திலிருந்தும் டோபமைன் கசியும். அதனால் ஒரு நாள் விட்டே அளக்க வேண்டும். நரம்புத் துடிப்பை நிறுத்தும் டெட்ரோடோடாக்சின் நச்சைக் கொடுத்தும் அடிப்படை அளவு நன்றாக இறங்கவில்லை என்றால், அளப்பது நரம்பு விடுவிப்பை அல்ல.

கிளிப் மட்டும் மாட்டி மின்சாரம் விடாத எலிகள் அவசியம், கையாளும் பதற்றமே முன்மூளைப் புறணியில் டோபமைனை உயர்த்தும். அதோடு ஃப்ளூரோதைல் ஆவியால் வலிப்பு வரவழைத்த ஒரு குழுவும் வேண்டும். மின்சாரம் தானே நரம்பைத் தூண்டும். வலிப்பின் பங்கு எவ்வளவு என்பது இந்தக் குழு இல்லாமல் பிரியாது.

ஒரே ஒரு அதிர்ச்சியின் ஏற்றத்தை, மனச்சோர்வுக்குத் தரும் மின்வலிப்புச் சிகிச்சையின் விளக்கமாக எழுதுவது பெரிய தவறு. பலமுறை கொடுத்த எலிகளின் புறணியில் நோரட்ரினலினின் பீட்டா ஏற்பிகள் குறைகின்றன, செரோடோனின் 2ஏ ஏற்பிகளோ கூடுகின்றன. டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்துகளிலோ இந்த 2ஏ ஏற்பிகள் குறையும். ஆகவே ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் இரண்டு எண்கள் இருக்கட்டும்: எத்தனையாவது அதிர்ச்சி, கடைசி அதிர்ச்சி முடிந்து எத்தனை மணி நேரம்.