வடிவாய்ச் சறுக்குவது

கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் ஒரு பிள்ளையின் சறுக்கலில் இருக்கிற பாதிப் பிழையை என்னால் சொல்லிவிட முடியும். சப்பாத்தின் அலகு சரியாகச் சாய்ந்து ஐஸை வெட்டிப் போனால், புதுத் துணியை நீளமாகக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அலகின் முன்நுனிப் பல் உரசினால் சுரண்டுகிற சத்தம். முழங்காலை மடிக்காமல் பாய்ந்து இறங்கினால் 'டக்' என்று ஒன்று, என் பல்லுக்குள் கூசும். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து அரங்குகளில் பதினெட்டு வருடமாக ஃபிகர் ஸ்கேற்றிங் பழக்குகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு மிச்சமானவை கெட்டுப்போன கால்விரல்களும் இந்தக் காதும்தான்.

எங்களுக்குக் கூலி பதினைந்து நிமிடக் கணக்கு. பதினைந்து நிமிடம் ஒரு பிள்ளை, அடுத்த பதினைந்து நிமிடம் இன்னொரு பிள்ளை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய் தகப்பன் கோப்பிக் கோப்பையோடு நின்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எண்ணுவது பாய்ச்சல்களை. அதில் குற்றம் சொல்ல முடியாது, பாய்ச்சலைத்தான் எண்ண முடியும். ஒரு பிள்ளை கால் மணி நேரம் முழுக்க ஒற்றைக் காலில் வளைவு போட்டுப் பழகினால், வெளியில் வந்ததும் தாய் கேட்பார்: "அக்கா, இண்டைக்கு அவள் ஒண்டும் பாயேல்லையே?"

புள்ளித்தாளும் தாய்மார் பக்கம்தான். முன்பு 6.0 உச்சம் என்று வைத்து நுட்பத்துக்கு ஒன்று, கலைக்கு ஒன்று என்று இரண்டு புள்ளி போட்டார்கள். 2002 சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் ஜோடிப் போட்டித் தீர்ப்பு நாறிப்போன பிறகு, 2004இல் புது முறை வந்தது. இப்போது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை விலை இருக்கிறது, கடையில் விலைச்சீட்டு ஒட்டியது போல. கலைப்பக்கத்துக்கு ஐந்து கூறுகள் இருந்தன; 2022இலிருந்து அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்று மூன்றாகச் சுருங்கிவிட்டன. மூன்றாவதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெயரில் திறன் இருக்கிறது, இருப்பதோ கலைக் கணக்கில்.

என் வீட்டுத் தமிழில் இந்தப் பிரிவினையே இல்லை. 1991இல், ஒன்பது வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து, நகரசபை அரங்கில் முதன்முதல் சப்பாத்து மாட்டியபோது அப்பா குனிந்து நின்று சொன்னது, "பிள்ளை, வடிவாக் கட்டு." எங்கள் ஊரில் வடிவு என்றால் அழகு. 'வடிவாக் கட்டு' என்றால் இறுக்கமாக, பிழையில்லாமல் கட்டு. வடிவாப் பார், வடிவாக் கேள், வடிவாச் சாப்பிடு எல்லாம் அதே கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வளர்ந்தவள், இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை போட்ட தாளோடு பிழைப்பு நடத்துகிறேன்.

எனக்குப் பழக்கிய கிழவிக்கும் அந்த நெடுவரிசைகள் பிடிக்காது. இந்த விளையாட்டின் பெயரில் இருக்கும் 'ஃபிகர்', ஐஸில் ஒற்றைக் காலால் போடும் எட்டு மாதிரியான உருவங்களைத்தான் குறித்தது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஒஸ்ரியாவின் பியற்றிக்ஸ் சூபா அந்த உருவங்களின் பலத்தில் தங்கம் எடுத்தார். சனம் மனதில் வைத்திருந்ததோ, சுழன்றுகொண்டிருந்தபோது விழுந்து, இருந்த இடத்திலேயே சிரித்த அமெரிக்கப் பெண் ஜனெற் லின்னை. அவருக்கு வெண்கலம். 1990இல் ஹலிஃபக்ஸ் உலகப் போட்டியோடு கட்டாய உருவங்கள் முடிந்துபோயின. ஆனால் எங்கள் கிழவிக்கு யாரும் அறிவிக்கவில்லை போல. சம்போனி வண்டி கழுவிவிட்டுப் போன புது ஐஸில் எங்களை எட்டுப் போட வைப்பார். பிறகு முழங்காலில் இருந்து கோட்டைப் பார்ப்பார். அலகின் அடி நடுவில் குழிந்து இரண்டு பக்கமும் விளிம்பாக இருக்கும். சாய்ந்து போனால் ஒற்றைக் கோடு விழும். சாயப் பயந்து நிமிர்ந்து போனால் தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடு. கிழவி இரட்டைக் கோட்டின் மேல் கையுறை விரலை வைத்துக் காட்டுவார், ஒன்றும் பேசமாட்டார். 2011 முதல் 2013 வரை தொடர்ந்து மூன்று முறை உலகச் சம்பியனான பற்றிக் சானின் சறுக்கலை அந்த ஒற்றைக் கோட்டுக்காகவே பார்க்கலாம். சானுக்குச் சிறுவயதில் இதே ரொறன்ரோவில் பழக்கிய ஒஸ்போர்ன் கோல்சனும் அந்தக் காலத்து மனிதர்தான்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை வந்தாள். ஐந்து வயதிலிருந்து பரதம். கையைத் தூக்கினால் அரங்கின் அடுத்த கரையில் இருப்பவரும் நிமிர்ந்து பார்ப்பார். காலில்தான் வில்லங்கம். அரைமண்டியில் முழங்கால் இரண்டு பக்கமும் விரியும், எங்களுக்கு அது விரலுக்கு நேரே முன்னுக்கு மடங்க வேண்டும். தட்டடவில் பாதம் சத்தம் போட வேண்டும், ஐஸில் சத்தம் போட்ட காலின் வேகம் செத்துப்போகும். அதைச் சரிபண்ண ஒரு வருடம் போனது. அடுத்தது இரட்டை அக்ஸல். ஆறு வகைப் பாய்ச்சலில் முன்பக்கம் பார்த்துக் கிளம்புகிற ஒன்றே ஒன்று அது. அதனால் இரண்டு சுற்றோடு இன்னொரு அரைச் சுற்றும் காற்றில் சுற்ற வேண்டும். பிள்ளைகள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம்.

போட்டிக்கு ஆறு கிழமை இருந்தது. அக்ஸலுக்கு முன்னால் அவளுக்கு ஒரு நீண்ட வளைவும், அதன் முடிவில் கை விரிந்து கழுத்துத் திரும்புகிற ஒரு நொடியும் இருந்தன. அதை வெட்டினேன். 'பாய்ச்சல் நிலைக்கட்டும், பிறகு திருப்பிப் போடுவம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில் வெறும் பின்னோட்டம், வேகம் எடுக்க. பிறகு இன்னொரு இடத்திலும் வெட்டினேன். மூன்றாவது கிழமையில் அந்தப் புரோகிராம் ஒரு பாய்ச்சலிலிருந்து இன்னொரு பாய்ச்சலுக்குப் போகும் நெடுஞ்சாலை ஆகிவிட்டது.

போட்டியில் அக்ஸல் பாய்ந்த இரண்டு தரமும் விழுந்தாள். அன்று இரவு பெரிய பிரிவுகளின் விலையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரட்டை அக்ஸல் 3.30, ஒற்றை 1.10. அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் ஒற்றையின் விலைதான். விழுந்ததற்கு நடுவர்கள் போடும் தரப்புள்ளியால் அந்த விலையில் பாதி போக 0.55. விழுகைக்குத் தனியாக ஒரு புள்ளி கழித்தால், மைனஸ் 0.45. வடிவாகப் பாய்ந்த ஒற்றை அக்ஸல் ஒன்று, தரப்புள்ளியும் சேர்ந்து, 1.43 அளவில் சும்மா வந்திருக்கும். என்றாலும் என்னைச் சுட்டது கணக்கு அல்ல. வீடியோவில் அவள் முகம். பஸ்ஸுக்கு நிற்கிற ஆளின் முகம். பதினொரு விநாடி பின்னோட்டம் ஓடுகிறாள், பாட்டு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அவள் கேட்கவில்லை. விழப்போகிறோம் என்று நினைப்பதற்குப் பதினொரு விநாடி கொடுத்தவள் நான்.

அடுத்த பருவத்தில் வளைவையும் கழுத்தையும் திருப்பிப் போட்டேன். பாய்ச்சல் உடனே வந்துவிட்டது என்று எழுதினால் பொய். இரண்டு மாதம் இன்னும் மோசமாகவே இருந்தது. ஆனால் பாட்டின் ஒரு குறிப்பிட்ட இழுப்பில் முழங்கால் இறங்கி, அடுத்த அடியில் கிளம்ப வேண்டும் என்று வந்தபோது, அவளுக்கு யோசிக்க நேரம் இல்லாமல் போனது. கிளம்பும் நேரம் தினமும் மாறிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கியது. நான் அலங்காரம் என்று வெட்டி எறிந்தது அவளுக்குத் தாளக்கட்டாக இருந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கை ஆட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே தோள் சரிந்து சுற்றுக் குலைகிற பிள்ளைகளும் என்னிடம் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கையைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அவளுடைய நடன ஆசிரியையின் வகுப்புக்கு ஒருநாள் போய் மூலையில் இருந்து பார்த்தேன். அந்த அம்மா ஒரு தரமேனும் "உணர்ந்து செய்" என்று சொல்லவில்லை. கண் எங்கே போக வேண்டும், கழுத்து எப்போது, புருவம் எவ்வளவு, அவ்வளவுதான். நானோ அதுவரை என்னிடம் இருந்த ஒரு பெடியனுக்கு, நல்லாய்ப் பாய்வான், முகம் மட்டும் சுவர் மாதிரி, கிழமைக்குக் கிழமை "பாட்டை உணரடா" என்று கத்திக்கொண்டிருந்தேன். "எந்த இடத்தில கோச்?" என்று ஒருநாள் அவன் நியாயமாகத்தான் கேட்டான். இப்போது அவனிடம், "நாலு எண்ணிக்கைக்கு முழங்காலை இறக்கு, மூண்டாவதில் வாசலுக்கு மேல இருக்கிற சிவப்பு விளக்கைப் பார்" என்கிறேன். பார்ப்பவர்கள் அவன் சோகமாய் எதையோ நினைக்கிறான் என்று நம்புகிறார்கள். நினைக்கிறானோ என்னவோ.

போன பெப்ரவரியில் அந்தப் பிள்ளையின் இன்னொரு போட்டி. இப்போது பதினாலு வயது. வளைவு வந்தது, கழுத்துத் திரும்பியது, முழங்கால் இறங்கியது. காற்றில் உடம்பு முன்கூட்டியே திறந்துவிட்டது, இரட்டை ஒற்றையாகப் போனது. ஆனால் இறங்கிய காலின் வெளிவிளிம்பில், பின்னுக்குப் போகும் அந்த வளைவை அவள் விடவில்லை. பாட்டின் வரி முடியும்வரை இழுத்துக்கொண்டே போனாள். துணி கிழிகிற சத்தம் தடுப்புச் சுவர்வரை கேட்டது. இனி யாரும் கையால் தொட வேண்டாம் என்று எனக்குத் தோன்றிற்று.

பக்கத்தில் நின்ற தாய் கைதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, இப்ப பாய்ஞ்சது டபிள்தானே?"

"இல்லை, ஒண்டு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு டபிள் எத்தினை தரம் பாயப்பண்ணுவியள்?"

"இருவது" என்றேன்.