யாழ்ப்பாணத்து வாடகை வீட்டில் இரவுச் சமையல்

யாழ்ப்பாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் தவறாமல் ஒன்று சொல்வேன். ஓட்டலில் அறை எடுக்காதீர்கள், அடுப்படி உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். பகல் சாப்பாட்டை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மட்டும் வீடு திரும்பி உங்கள் கையால் சமைத்துச் சாப்பிடுங்கள்.

சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் அடுப்படியா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் நாள்தோறும் சமைப்பவர்கள்தான் முதலில் கேட்பார்கள், அது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் யாழ்ப்பாணத்தில் இரவு உணவு என்பது முழுச் சமையல் அல்ல. சோறு பகலோடு முடிந்துவிடுகிறது. இரவுக்கு இடியப்பம், பிட்டு, தோசை, இல்லாவிட்டால் பாண் (ரொட்டி). இவற்றில் பெரும்பாலானவற்றை மாலையானதும் ஊரே ஆக்கி வைத்து விற்கிறது. நமக்கு மிஞ்சுவது தேங்காய்ப்பாலில் வைக்கும் ஒரு சொதி, தேங்காயை இடித்துச் செய்யும் ஒரு சம்பல், மனமிருந்தால் ஒரு கறி. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்கிற அளவுக்கு எந்த உணவகத்து மேசையிலும் கற்றுக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நாங்கள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கினோம். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. அங்கிருந்து நல்லூருக்குப் பக்கத்தில் எடுத்திருந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர்கள் கனடாவில் இருக்கிறார்கள். சாவியும் பொறுப்பும் பக்கத்து வீட்டு அம்மாவிடம். இப்படிப் பூட்டிக் கிடந்து, இப்போது விருந்தினர்களுக்காகத் திறக்கப்படும் வீடுகள் அங்கே பல. அதனாலேயே அவற்றின் அடுப்படிகள் உண்மையான அடுப்படிகளாக இருக்கின்றன. யாரோ பல ஆண்டுகள் சமைத்த பாத்திரங்கள், யாரோ பிடித்துப் பிடித்து வழவழப்பான சிரட்டை அகப்பைகள்.

எங்கள் வீட்டில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, நான்கைந்து அலுமினியப் பாத்திரங்கள், மீனுக்கென்று தனியாக ஒரு மண்சட்டி, துருவலை (தேங்காய் துருவும் கருவி), இடியப்ப உரல், சிறிய கல்லுரல், ஒரு சுளகு ஆகியவை இருந்தன. மிக்ஸி இல்லை, குக்கர் இல்லை. பின்கட்டில் விறகடுப்பும், எரிப்பதற்கு ஒரு மூலையில் குவித்த காய்ந்த பொச்சும் (தேங்காய் மட்டை) ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) இருந்தன. குக்கர் இல்லையே என்று என் கணவர் கவலைப்பட்டார். எனக்கு அது கவலையாகப் படவில்லை, ஏனென்றால் அந்த ஊர்ச் சமையலில் பெரும்பாலானவை குக்கர் கேட்பதில்லை.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது, அதைத்தான் கிணறுகள் தருகின்றன. ஆகவே தண்ணீர் கடினமானது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். குடிப்பதற்கு நாங்கள் போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டோம். கடினமான தண்ணீரில் துவரம்பருப்பும் கடலையும் எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் சாம்பார் வைக்கலாம் என்று நம் ஊர் நினைப்பில் இறங்கினால் அடுப்படியிலேயே இரவு போய்விடும். அங்கே கடையில் பருப்பு என்று கேட்டால் கையில் வருவது மைசூர்ப் பருப்பு. செம்மஞ்சள் நிறத்தில் மெல்லியதாக இருக்கும் அது, திறந்த பாத்திரத்திலேயே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். மஞ்சள், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் பருப்புக் கறி தயார். ரோஸ் பாணின் மொறுமொறுப்பான ஓரத்தைப் பிய்த்து இதில் தோய்த்துச் சாப்பிடும் இரவுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. படகில் நெடுந்தீவு போய்விட்டுக் குறிகட்டுவான் படகுத்துறையில் வந்து இறங்கி, உப்புக் காற்றிலும் வெயிலிலும் வாடி வீடு சேர்ந்த அன்று நாங்கள் செய்தது இதுதான். கூட ஒரு முட்டைப் பொரியல். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. காய்கறிக்கு அந்தத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனோம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், பலாலி வீதியில் இருக்கிறது. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்தவை காலையிலேயே வந்து குவிகின்றன. வேரில் இன்னும் சிவப்பு மண் ஒட்டியிருக்கும் கீரைக் கட்டு, சின்னதும் பெரியதுமாகக் கலந்து கிடக்கும் சிவப்பு வெங்காயம், கையளவு நீளக் கத்தரிக்காய். வாங்கத் தொடங்கினால் கை நிற்காது. இருந்தாலும் வாடகை வீட்டில் ஒரு தடவைக்கு ஒரு நாளுக்கு மட்டும் வாங்குவதுதான் சரி. அந்த வெக்கையில் எதுவும் தாங்காது, துருவிய தேங்காய் சுத்தமாகத் தாங்காது. தேங்காயை உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் துருவ வேண்டும், மற்றது மறுநாள் வரை கிடக்கும் என்பது பக்கத்து வீட்டு அம்மா சொன்னது. வீட்டிலிருந்து பொடி டப்பாக்களைச் சுமந்துகொண்டு போக வேண்டாம். உள்ளூர்க் கறித்தூள் ஒரு சிறு பொட்டலம் போதும். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் அதற்குள் வறுபட்டு அரைபட்டு இருக்கின்றன. ஏற்கெனவே வறுத்தது என்பதால் நாம் மிளகாய்த்தூளை வதக்குவது போல எண்ணெயில் போட்டு வதக்கக் கூடாது, கருகிக் கசக்கும். கொதிக்கும் தேங்காய்ப்பாலிலோ புளித்தண்ணீரிலோதான் போட வேண்டும். நல்ல காரம். சிறு பிள்ளைகள் இருந்தால் பாதி அளவில் தொடங்குவது நல்லது.

இனி சொதி. இதற்காகவே ஒரு முறை யாழ்ப்பாணம் போகலாம் என்பேன். போய்ச் சேர்ந்த அன்று இரவு நாங்கள் சமைத்தது அதுதான். தெருமுனைக் கடையில் வெள்ளையும் சிவப்புமாக இடியப்பம் வாங்கி வந்தோம். கடைக்காரரே சொதியும் சம்பலும் சிறு பைகளில் கட்டித் தருவார். வேண்டாம், நான் வைக்கிறேன் என்று இடியப்பத்தை மட்டும் வாங்கினேன். நான் தேங்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு அம்மா வந்து நின்றார். “பிள்ளை, முதற்பாலைத் தனியாக எடுத்து வையுங்கள்” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

இரண்டாம் பால் தண்ணீராகத்தான் இருக்கும். அதில் மெல்லிதாக அரிந்த வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, உப்பு போட்டு அடுப்பில் வைத்தோம். வெங்காயம் வெந்து கண்ணாடியாகும் வரை கொதிக்கலாம். பிறகு நெருப்பை நன்றாகக் குறைத்து, எடுத்து வைத்த முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் பால் திரிந்துவிடும். பாத்திரத்தின் விளிம்பில் நுரை எழும்பும், நடுவில் இன்னும் எழும்பாது. அந்த நேரத்தில் அம்மா எட்டி அடுப்பை அணைத்தார். ஒரு கொதி வந்தால்கூடக் கூடாது என்றார். தேசிக்காயை (எலுமிச்சையை) நான் கையில் எடுத்ததும் பொறுக்கச் சொன்னார். சூடு சற்றுத் தணிந்த பின்தான் புளி விட வேண்டுமாம். விட்டுக் கலக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிப் பார்த்தேன். பாலின் இனிப்பு முதலில் வந்தது, பச்சை மிளகாயின் காரம் அதன் பின்னால், புளிப்பு கடைசியில். மஞ்சள் நிறம் முழுவதும் மேலே மெல்லிய எண்ணெய்ப் பொட்டுகளாக மிதந்தது.

சம்பலைப் பிள்ளைகளே இடித்தார்கள். வறுத்த செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் போட்டு இடிக்க வேண்டும், பிறகு தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்), கடைசியில் வெங்காயம். வெங்காயம் நசுங்கினால் போதும், அரையக் கூடாது. இதை மிக்ஸியில் அரைத்தால் சட்னி ஆகிவிடும். உரலில் இடிக்கும்போதுதான் தேங்காய்ப்பூ உதிரியாக நின்று மிளகாயின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. வீடு எடுக்கும் முன் உரல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்சாதன வசதியைக் கேட்பதைவிட இது முக்கியம்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கக் கூடாது என்பது முன்பே சொல்லப்பட்ட நிபந்தனை. நல்லூர்ப் பக்கத்தில் இதை யாரும் விதியாக எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். கந்தசுவாமி கோயில் திருவிழா நடக்கும் 25 நாளும் அந்தப் பகுதியில் பல வீடுகளில் மீனும் இறைச்சியும் அடுப்பேறுவதில்லை. அந்தக் காலத்தில் வீடு எடுப்பவர்கள் மரக்கறிச் சாப்பாட்டுக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும். அது இழப்பே அல்ல. எங்கள் வெள்ளிக்கிழமை இரவில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் பாலில் காய்ச்சிய கறியைச் சிவப்பு இடியப்பத்தோடு சாப்பிட்டோம். கோயிலுக்குப் போய்வந்து, கால் கழுவி, அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்த சாப்பாடு. அன்று வீட்டில் மீன் வாசனை இல்லாமல் இருந்ததும் எனக்குப் பிடித்திருந்தது.

மீனுக்குப் பாசையூருக்குப் போனோம். குருநகருக்கும் போகலாம். படகு வரும் காலை நேரத்தில் போனால் வெட்டிச் சுத்தம் செய்தே தந்துவிடுவார்கள். செதிலும் குடலும் வாடகை வீட்டு அடுப்படிக்குள் வராமல் இருப்பது பெரிய நிம்மதி. பாரைத் துண்டுகளை உப்பும் மஞ்சளும் பிரட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் கீரிமலைக்குப் போய்க் கேணியில் குளித்துவிட்டு வந்தோம். இரவில் மண்சட்டியில் வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி (பூண்டு), வெந்தயம் வதக்கி, பழப்புளித் தண்ணீரும் இரண்டாம் பாலும் விட்டு, தூள் போட்டுக் கொதிக்கவைத்து மீனை இறக்கினேன். அதன் பிறகு அகப்பை போடவில்லை, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றியதோடு சரி. கடைசியில் முதற்பால். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் மண்சட்டி நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருந்தது. அதைக் கணக்கில் வைத்துச் சற்று முன்னதாகவே இறக்க வேண்டும்.

நண்டு வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். யாழ்ப்பாணத்து நண்டுக் கறியைத் தெரிந்தவர் கையால்தான் சாப்பிட வேண்டும், முருங்கை இலை எப்போது போட வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழும் அப்படித்தான். ஒடியல் மாவை ஊறவைத்து, தண்ணீரை வடித்துக் கசப்பைப் போக்கி, பானை நிறையக் காய்ச்சி, பலர் சுற்றி உட்கார்ந்து குடிக்க வேண்டிய உணவு அது. இரண்டு பர்னர் அடுப்பில் நாலு பேருக்குச் செய்கிற எளிய இரவுச் சாப்பாட்டில் இவை சேரா.

மிஞ்சிய இடியப்பத்துக்கு வழி இருக்கிறது. கையால் உதிர்த்து, வெங்காயம், லீக்ஸ், கரட் வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிப் பிரட்டினால் இடியப்பக் கொத்து. முந்தின நாள் கறியின் குழம்பு இரண்டு கரண்டி இருந்தால் அதையும் விட வேண்டும்.

பிட்டை மட்டும் நாங்கள் கடையில் வாங்கவில்லை. அம்மா தன் வீட்டிலிருந்து நீத்துப்பெட்டியோடு வந்தார். பனையோலையில் கூம்பாக இழைத்த பெட்டி அது, பானையின் வாயில் சரியாகப் பொருந்தி நிற்கும். வறுத்த அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலந்து, கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறினார். மா கட்டி கட்டியாகத் திரண்டதும் ஒரு தகரப் பேணியைக் (டப்பாவை) கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் கொத்தத் தொடங்கினார். டக், டக், டக் என்று ஒரே தாளம். கட்டிகள் உடைந்து குறுணி குறுணியாக உதிர்ந்தன. என்னைக் கொத்தச் சொல்லிவிட்டுத் தேங்காய்ப்பூவைத் தூவினார். ஓலைப் பெட்டிக்குள் ஆவி ஏறியபோது வந்த வாசனையில் பாதி மாவினுடையது, பாதி பனையோலையினுடையது. குழலில் அவிக்கும் பிட்டில் எனக்கு அந்த இரண்டாம் பாதி கிடைத்ததே இல்லை. அந்த நீத்துப்பெட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். மறுநாள் சந்தைக்குப் பக்கத்தில் பனையோலைப் பொருள்கள் விற்கும் கடைக்கு அவரே அழைத்துப் போய், ஓலையை விரலால் தட்டிப் பார்த்து ஒன்று எடுத்துத் தந்தார்.

நாங்கள் பிட்டுக்குக் கத்தரிக்காய்க் கறியும் சம்பலும் வைத்துக்கொண்டோம். மாம்பழக் காலமாக இருந்தால் இதுவும் தேவையில்லை என்றார் அம்மா. வைகாசி, ஆனியில் போகிறவர்கள் கறுத்தக்கொழும்பான் இரண்டு வாங்கி, சூட்டுப் பிட்டில் பிசைந்து, வேண்டுமானால் மேலே கொஞ்சம் சீனி தூவிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அடுப்பில் பிட்டுப் பானை ஒன்று ஏறினால் போதும்.